அனு போட்ட குடும்ப வரிசை

மகளோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தபோது லாசருக்கு அந்த மகள் இல்லாமல் போனாள். இப்படி வெடுக்கென்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லைதான். சுற்றி வளைத்துச் சொன்னால் மட்டும் என்ன, அவள் எழுந்து வந்துவிடப் போகிறாளா?

அந்த அனு அப்படி என்ன பெரிய குற்றம் செய்துவிட்டாள் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். பங்குச் சாமியாரின் பின்னாலேயே அலைந்து லாசர் அவளுக்கு நர்சிங் பள்ளியில் ஓர் இடம் வாங்கியிருந்தார். பட்டினப்பாக்கத்தில் வலை சரிபார்க்கிறவன் முதல் டீக்கடைக்காரன் வரைக்கும் “எம் பொண்ணு நர்சு” என்று சொல்லி முடித்தாயிற்று. போன பெண் இருபதே நாளில் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்து நின்றாள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதாம். கம்ப்யூட்டர் படிக்கப் போகிறாளாம். மீன் அறுக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு ரத்தம் ஆகாதாம்! லாசருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சந்தில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு, “இன்னியிலேர்ந்து இவளாண்ட எனக்குப் பேச்சு கெடையாது” என்று கத்தினார். அது மார்ச் மாதம்.

நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்ததுதான் வினையாகப் போயிற்று. வீட்டுக்குள் சொல்லியிருந்தால் மூன்றாம் நாளே மறந்திருப்பார். சந்துக்காரர்கள் விடுவார்களா? “இன்னா லாசரு, பொண்ணாண்ட பேசிட்டியா?” என்று கரையில் ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்கக் கேட்க அந்த மனுஷருக்கு வீம்பு ஏறியது. நல்ல மனுஷர்தான், வீம்பு மட்டும் இரண்டு ஆள் அளவு.

அவர் வீடோ ஒற்றை அறை. காலை நீட்டினால் இன்னொருவர் மேல் படும். அதற்குள் பேசாமல் எப்படி இருப்பது? ராணி என்று ஒரு பூனை இருந்தது. “ராணி, தட்ட எடுத்தாரச் சொல்லு” என்பார் லாசர், பூனையைப் பார்த்து. “ராணி, கொயம்பு கொதிக்குது, ரெண்டு நிமிசம் பொறுத்துக்கச் சொல்லு நைனாவ” என்பாள் அனு. லாசரின் மனைவி புஷ்பம் தலையில் அடித்துக்கொள்வாள். அனுவின் தம்பி ஜான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அனுவும் சிரிப்பாள். லாசருக்கும் சிரிப்பு வரும், மீசைக்குள்ளேயே அமுக்கிவிடுவார். பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு, நாளைக்கு என்று எட்டு மாதம் ஓடிவிட்டது.

தீபாவளி கழிந்து பத்தாம் நாள் அனுவுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம், எல்லா வீட்டிலும் காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டெங்கு என்றார்கள். லாசர் வார்டுக்கு வெளியே வராந்தாவிலேயே நின்றார். உள்ளே போனால் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது? எட்டு மாதத்துக்கு அப்புறம் சொல்கிற வார்த்தை ஆயிற்றே. யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஓர் இளநீர் வாங்கி வந்து கையில் கொடுத்து “குடி” என்று சொல்லிவிட்டால் போதும், ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். கீழே இறங்கிப் போய், நல்லதாகப் பார்த்துச் சீவச் சொல்லி, மாடி ஏறி வந்தார். கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. பாவி மனுஷர், அந்த இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறார்.

அடக்கத்தின்போது அவர் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, அனுவோடு படித்த உம்மே ஹானி வந்தாள். ராயப்பேட்டைப் பெண், அப்பாவுக்கு அங்கே தையல்கடை. கம்ப்யூட்டர் வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். அனுவும் இவளும் ஒரே மெஷினில் உட்கார்ந்தவர்கள். புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். லாசர் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“தீபாவளி லீவுக்கு முந்தின கிளாஸ்ல சார் ஒரு எக்சர்சைஸ் குடுத்தாரு ஆன்ட்டி. அவங்கவங்க ஃபேமிலிய வரிசையா எழுதணும். ஒவ்வொருத்தர் பேரு, வயசு, என்ன உறவு, அப்புறம் அவங்களப் பத்தி ஒரு வரி. அனு தானா சிரிச்சிக்கிட்டே டைப் பண்ணா. எட்டிப் பாத்தேன், கையால ஸ்க்ரீன மூடிட்டா. டைப் பண்ணி முடிக்கிறதுக்கும் கிளாஸ் விடுறதுக்கும் சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் லீவு, மழை, காய்ச்சல்... அவ வரவேயில்ல.”

இந்தச் சனிக்கிழமையோடு பேட்ச் முடிகிறது, புது பேட்ச்சுக்காக மெஷின்களை எல்லாம் துடைத்துவிடுவார்கள் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு லாசருக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வரிசையில் என்னையும் எழுதினாளா, இல்லை, நான் அவளை ஒதுக்கினமாதிரி அவளும் என்னை ஒதுக்கிவிட்டாளா? புஷ்பத்திடம் கேட்க வாய் வரவில்லை. மறுநாள் காலை கடலிலிருந்து கரைக்குத் திரும்பியதும் மீனை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, குளித்து, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையையே திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கச்சேரி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவர் அந்தப் படி ஏறியதில்லை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து, தன்னுடையதையும் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். சொல்லிக்கொடுக்கிற சுரேஷ்குமாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அனுவின் அப்பா என்றதும் அவன் பதறி எழுந்து நாற்காலி போட்டான்.

“அவ ஏதோ குடும்பத்த எழுதிக்கீதாமே சாரு. அத்தப் பாக்கணும்.”

“ஆமாங்கய்யா. ஆப்ஜெக்ட் அர்ரேன்னு ஒரு பாடம். உங்களுக்கு எப்படிச் சொல்றது...” அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். “பெட்டிங்கள வரிசையா அடுக்கி வெச்சமாதிரின்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு ஆளப் பத்தின விவரம். வரிசையா ஒவ்வொரு பெட்டியா தொறந்து உள்ள இருக்கறதக் காட்டுன்னு நாம மெஷினுக்குச் சொல்லணும், அவ்ளோதான்.”

“ஏலத்துக்கு மீன் பெட்டி வெக்கிற மாரி” என்றார் லாசர்.

“அதேதான்!” என்றான் சுரேஷ்குமார். நாலைந்து பிள்ளைகள் நாலைந்து பக்கத்திலிருந்து சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் ஓரத்து மெஷினில் அனுவின் பெயரில் இருந்த எதையோ திறந்து ஒரு பொத்தானைத் தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து விழுந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. லாசருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

“இன்னா போட்டுக்கீது, படி சாரு.”

“புஷ்பம். நாப்பத்தி மூணு. அம்மா. ‘இது கத்துனா கலங்கரை விளக்கம் வரைக்கும் கேக்கும்.’”

லாசருக்கு வாயோரம் இழுத்தது. வாஸ்தவம்தான்.

“ஜான். பதினாறு. தம்பி. ‘என் செருப்பப் போட்டுக்கினு போய்ட்டு ஒத்தச் செருப்போட வரும்.’ அடுத்து கெங்கம்மா, அறுபது, பக்கத்து வூட்டு அத்தை. ‘எங்க வூட்டு மிக்சி இதுங்க வூட்லதான் கீது.’ அப்புறம் ராணி. ரெண்டு வயசு. பூனை. ‘திருடி. ஆனா பாவம்.’”

இதைக் கேட்டு லாசர் சிரித்தேவிட்டார். ஒரு மாதத்தில் முதல் தடவையாக வந்த சிரிப்பு. அடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள முன்னால் சாய்ந்தார். சுரேஷ்குமார் ஒன்றும் படிக்கவில்லை.

“அப்பால?”

“அவ்ளோதாங்கய்யா.”

“நல்லாப் பாரு சாரு.”

அவன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். நாலே வரிதான். அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் அப்பா. அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் நிதானமாக உள்ளே திறந்து பார்த்திருக்கலாம், மகராசன். சங்கடத்தில் அதற்கெல்லாம் தோன்றவில்லை.

“பென் டிரைவ்ல போட்டுத் தரட்டுங்களா?” என்று கேட்டான்.

“வாணாம் சாரு. அழிச்சிரு” என்று சொல்லிவிட்டு லாசர் எழுந்தார்.

பக்கத்து வீட்டு கெங்கம்மா இருக்கிறாள். மீன் திருடுகிற பூனை இருக்கிறது. பெற்ற அப்பன் இல்லை. கச்சேரி ரோடு நெடுக அவர் இதையே சொல்லிக்கொண்டு நடந்தார். அவருக்கு அனுவின்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சரியாகத்தான் செய்திருக்கிறாள், எனக்கு இது வேண்டும் என்றுதான் தோன்றியது. தண்டனை என்று ஒன்று கிடைத்துவிட்டால் தூக்கிக்கொண்டு நடக்கவாவது முடிகிறது.

நாற்பதாம் நாளுக்குள் கல்லறையில் பெயர்க்கல் பதிக்க வேண்டும். மறுநாள் கல் வெட்டுகிற சுப்புராயனிடம் போனார்.

சுப்புராயன் நோட்டை எடுத்து, “லாசர் புஷ்பம் ஆகியோரின் அன்பு மகள் அனு. இப்டித்தான?” என்றார்.

“புஸ்பம் மகள்னு மட்டும் போடு.”

“இன்னாபா சொல்ற? அப்பன் பேரு?”

“வாணாம்னா வுடேன்.”

சுப்புராயன் எத்தனையோ கல்லறைக் கல் வெட்டியவர். துக்க வீட்டுக்காரனிடம் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது என்று பேசாமல் எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் கல் தயாராகிவிட்டது. எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க லாசருக்குத் தெரியாமல் புஷ்பம் போயிருக்கிறாள். அங்கே நின்று படித்தவள் மீன் கூடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடி வந்தாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் அனு எழுதியதைப் போலத்தான், கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“யோவ்! எம் பொண்ணு இன்னா அப்பன் பேரு தெரியாதவளா? உசுரோட இருக்கசொல்லோ பேசாம சாவடிச்ச. செத்தப்புறம் பேரு குடுக்கக்கூட உனக்கு மனசு இல்லியா? நீ மனுசனாய்யா?”

லாசர் அடி வாங்குகிறவர் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார். “அவளே எயுதலமே. நான் போய்ப் பாத்தேன். உன்ன எயுதிக்கீது, ஜான எயுதிக்கீது, கெங்கம்மாவ எயுதிக்கீது. பூனைய எயுதிக்கீது. என்ன எயுதல. அவ வோணாம்னு வுட்டத நான் எப்டி கல்லுல போடுவேன்?”

புஷ்பம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. தன் வயிற்றில் பிறந்தது அப்படிச் செய்யுமா என்று இரண்டு மணி நேரம் குமைந்தவள், கடைசியில் உம்மே ஹானிக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்தாள்.

“சேச்சே, அனுவா? இருக்கவே இருக்காது ஆன்ட்டி” என்றாள் அந்தப் பெண். “ஒரே மெஷின்தான, தெனமும் கிளாஸ் முடிஞ்சதும் ரெண்டு பேரோடதையும் என் மெயிலுக்கு அனுப்பி வெச்சிடுவேன். நான் பாத்துட்டு வரேன்.”

மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டாள். நாற்பதாம் நாளுக்கு ஒரு நாள்தான் பாக்கி. காலையில் கல் பதிக்க ஆள் சொல்லியிருந்தது. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு லாசரின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், சார் உங்களுக்கு ப்ரோகிராம ஓட்டி மட்டும்தான் காமிச்சிருக்காரு. அனு என்ன எழுதினான்னு உள்ள தொறந்து பாக்கல. அவ அஞ்சு பேர எழுதியிருக்கா.”

லாசர் நிமிர்ந்தார்.

“கம்ப்யூட்டர்ல எதையும் சைபர்லேர்ந்துதான் எண்ணணும் அங்கிள். மொதப் பெட்டி சைபர், அடுத்தது ஒண்ணு. சார் நூறு வாட்டி சொன்னாரு. இவ கேக்கவே மாட்டா. ‘எங்கம்மா மீன் எண்ணும்போது லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணும் சார். காலங்காத்தால சைபர்னு வாயத் தொறந்தா வியாபாரம் படுத்துடும்னு தொடப்பத்தால அடிக்கும்’னு சார்கிட்டயே சண்ட போடுவா. கிளாஸே சிரிக்கும். அதே பழக்கத்துல ஒண்ணுலேர்ந்து காட்டுன்னு மெஷினுக்கு எழுதிட்டா. அது மொதப் பெட்டியத் தொறக்காமலே வுட்டுட்டு அடுத்ததுலேர்ந்து காட்டியிருக்கு. அவ ஒரு வாட்டி ஓட்டிப் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் டைம் இல்லாமப் போச்சு.”

“அந்த மொதப் பெட்டில...” என்றாள் புஷ்பம்.

“அங்கிள்தான். எல்லாருக்கும் முன்னாடி அவர்தான்.”

புஷ்பம் “என் ராசாத்தி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். லாசரின் முகத்தில் வெளிச்சம் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தொடப்போகிற ஆள், பரீட்சையில் தேறிவிட்ட பையனைப் போல உட்கார்ந்திருந்தார். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னப் பத்தி இன்னாம்மா எயுதிக்கீது?” என்று கேட்டார்.

உம்மே ஹானி போனைப் பார்த்தாள். புஷ்பத்தைப் பார்த்தாள். நல்ல சேதி கொண்டு வருகிறோம் என்ற வேகத்தில் ராயப்பேட்டையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். இதைப் படித்துக் காட்ட வேண்டி வரும் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கவில்லை.

“படிம்மா” என்றாள் புஷ்பம்.

“லாசர். நாப்பத்தி ஏழு. நைனா.” அவள் அடுத்த வரிக்குப் போனாள். “‘இப்போ எங்கூடப் பேசாது. கிறிஸ்துமஸுக்குள்ள பேசிடும்.’”

வெளியே சந்தில் யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். இங்கே யாரும் குடத்தைத் தேடவில்லை.

“இன்னொரு வாட்டி படி” என்றார் லாசர். அவள் படித்தாள்.

“என்ன எயுதாம வுட்டுக்கீதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்மா. அத்தத் தாங்கிக்கினேன்” என்று அவர் ஆரம்பித்தார். குரல் உடைந்துவிட்டது. “காத்துக்கினு இருந்துச்சா? எம் புள்ள நான் பேசுவேன்னு காத்துக்கினு இருந்துச்சா? இத்த ஏம்மா வந்து சொன்ன?”

அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. கடலில் முப்பது வருஷம் போய் வந்த உடம்பு, சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் கிடந்து அழுதது. உம்மே ஹானி பயந்துபோய், “சாரி அங்கிள், சாரி அங்கிள்” என்று சொல்லிக்கொண்டே அழுதாள். புஷ்பம் அவர் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “போய்யா, எழுந்து போய்யா. சுப்புராயனாண்ட போய் உம் பேரையும் வெட்டச் சொல்லுய்யா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.